இரண்டு பக்கமும் காட்டுங்கள்

குமுதா யாரிடம் பேசினாலும் முதலில் காதைத்தான் பார்ப்பார். மார்க்கெட் ஸ்திரீட் மளிகைக் கடையில் மிளகாய்த்தூள் வாங்கும்போதும் சரி, கோயில் வரிசையில் நிற்கும்போதும் சரி, எதிரே இருப்பவரின் இரண்டு காதுகளையும் ஒரு நோட்டம் விட்ட பிறகுதான் வாயைத் திறப்பார். கடைக்காரர் ஷேக் அலாவுதீன் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"என்னம்மா, என் காதுல அப்படி என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்லண்ணே. அதான் நல்லது."

பீச் ஸ்திரீட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவருக்கு வேலை. வீட்டிலிருந்தபடியே கணினியில் பரீட்சை எழுதுகிறவர்களைத் திரையில் கண்காணிக்க வேண்டும். ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு கட்டங்களில் பன்னிரண்டு முகங்கள். காதைக் காட்டச் சொல்வார், மணிக்கட்டைக் காட்டச் சொல்வார், கேமராவைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார். கணக்குப் போட வைத்திருக்கும் தாளை இரண்டு பக்கமும் காட்டச் சொல்வார். அதற்கு முன் இருபது வருடம் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் மின்பலகைகளில் பழுது கண்டுபிடித்தவர். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. குமுதாவின் கண்ணுக்கு இந்த வேலை கிடைத்தது. "அங்க போர்டுல தப்பு தேடுனேன், இங்க மனுசன்கிட்ட தேடுறேன். போர்டாவது அழாதுலா" என்பார்.

தொழில் வீட்டுக்கும் வந்துவிட்டது. சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போகிற கணவர் முனுசாமி, சாப்பிடும்போது கூரையைப் பார்த்தபடி எதையாவது யோசிப்பார். "மேல என்ன இருக்கு? நேரா பாருங்க" என்று அதட்டல் வரும். "இவ வீட்டுல யோசிக்கக்கூட பெர்மிட் வாங்கணும்" என்று அவர் முனகுவார். இருவரும் சிரிப்பார்கள். சிரிப்பு ஓய்வதற்குள் குமுதா வேலைக்கு நேரமாகிறதா என்று கடிகாரத்தைப் பார்ப்பார். குமுதாவின் சம்பளம் நின்றால் வாரத்தில் அந்த மூன்று நாள் சிகிச்சை என்னவாகும் என்பது இருவருக்கும் தெரியும்.

அலுவலகத்தில் குமுதாவின் முகத்துக்கு எதிரேயும் ஒரு கேமரா இருக்கிறது. பார்க்கிறவரையும் ஒருவர் பார்க்க வேண்டுமாம். கண்ணாடி அறைக்குள் இருக்கும் மேலாளர் ரொஸ்னா நல்ல பெண்தான். ஆனால் அவளுக்கும் மேலே எங்கோ ஒரு நாட்டில் ஆள் இருக்கிறது. அங்கிருந்து குமுதாவுக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

முதல் கடிதம் ஒரு கிழவரால் வந்தது. அவர் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கூடவே கண்காணிக்கும் கணினி அதைச் சைகை என்றது. குமுதா, குற்றமில்லை என்று குறித்தார். நம் வீடுகளில் பால் கணக்கிலிருந்து பிரசவக் கணக்குவரை இப்படித்தானே எண்ணினார்கள்? மேலிடத்துக்கு அது புரியவில்லை. இரண்டாவது கடிதம், கேமரா முன்னால் தேம்பிய ஒரு சின்னப் பெண்ணிடம் "அழாதம்மா" என்று சொன்னதற்காக. பரீட்சை எழுதுகிறவரிடம் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் ஒரு சொல்லும் பேசக் கூடாது. "ரெண்டு வார்த்தைக்கு ஒரு லெட்டர்" என்று அந்தத் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை காலை, ஏழாவது கட்டத்தில் கோகிலன் என்று ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி தேர்வு. பெயருக்குக் கீழே மூன்றாவது முயற்சி, கடைசி முயற்சி என்று இருந்தது. அறையைச் சுற்றிக் காட்டியபோது, மனிதர் சுவரில் ஓர் ஆணியைக்கூட விட்டு வைத்திருக்கவில்லை. கேட்பதற்கு முன்பே காதைக் காட்டினார், சட்டைக் கையை மடித்துக் காட்டினார். பிறகு தாளைக் காட்டினார். தாளின் தலைப்பில், நடுவில், நீல மையில் ஒரு பிள்ளையார் சுழி.

எழுத்து எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. இந்தத் தாளைக் கேமரா முன்னால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுங்கள் என்று குமுதா ஆங்கிலத்தில் சொன்னார்.

திரையில் குமுதாவின் பெயரைப் பார்த்திருப்பார் போலும், கோகிலனின் முகம் மலர்ந்தது. "மேடம், இது பிள்ளையார் சுழிதான் மேடம். வேற ஒண்ணும் இல்ல."

தெரியும் என்று சொல்லக் குமுதாவின் நாக்கு துடித்தது. ஆங்கிலத்தில் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னார்.

கோகிலன் புதுத் தாளை எடுத்து இரண்டு பக்கமும் காட்டினார். பழைய தாளைக் கிழிக்கவில்லை. நான்காக மடித்து, இரண்டு கண்களிலும் ஒற்றி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சாமி பெயரில் எழுதியதைக் கிழித்துக் காலடியில் போடுகிறவர்களா நாம்? ஆனால் கணினிக்கு அது எழுதிய தாளை ஒளித்து வைத்த குற்றம். ஏழாவது கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு எரிந்தது. குமுதாவுக்கு முப்பது வினாடி. குற்றமில்லை என்று தன் பெயரில் குறிக்கலாம்; அல்லது தேர்வை முடித்துவிடலாம்.

"சார், பைக்குள் இருப்பதை எடுத்துக் கிழியுங்கள்" என்றார், ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக.

கோகிலன் தாளை எடுத்தார். விரித்தார். இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மேடம், இதக் கிழிச்சிட்டு எப்படி மேடம் நான் எழுதறது? கடைசி சான்ஸ் மேடம். கொஞ்சம் பாருங்களேன்."

பத்து வினாடி என்று காட்டியது. கண்ணாடி அறையில் ரொஸ்னா எழுந்து நின்று இந்தப் பக்கம் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. குமுதா நேரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனிதருக்கு எவ்வளவு ஆபத்து என்று புரிந்துவிடும். அந்த ஒரு வார்த்தைக்கு மூன்றாவது கடிதம் வரும். முனுசாமி அந்நேரம் நாற்காலியில் சாய்ந்து, ஊசி குத்திய கையை நீட்டிப் படுத்திருப்பார்.

மூன்று வினாடி இருக்கும்போது குமுதா பொத்தானை அழுத்தினார். அதே கணம் கோகிலன் கண்ணை இறுக மூடிக்கொண்டு தாளை நடுவில் கிழித்தார். கிழித்த இரண்டு துண்டுகளையும் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கட்டம் கறுத்துவிட்டது.

காரணம் கேட்டுத் திரையில் ஒரு பெட்டி திறந்தது. எழுதப்பட்ட தாளை மறைத்தார் என்று குமுதா ஆங்கிலத்தில் தட்டினார். பிழை ஏதும் இல்லாமல் இருக்கிறதா என்று ஒரு முறை படித்துப் பார்த்து அனுப்பினார். பிறகு, எதிரே இருக்கும் கேமரா பார்த்தால் பார்க்கட்டும் என்று, இரண்டு கைகளையும் தூக்கி, சத்தம் வராமல், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.