மலிவு என்று பெயர் வாங்கிய வட்டாரம்

அவளைக் கண்டாலே கடைக்காரர்களுக்கு ஆகாது. வாங்க மாட்டாள், விலை மட்டும் கேட்பாள். மாதம் பிறந்து முதல் வாரம் வந்துவிட்டால் போதும், கக்கத்தில் ஒரு அட்டை, அட்டையில் ஒரு படிவம், கையில் பேனாவோடு கடைவாசலில் வந்து நின்றுவிடுவாள். "அரிசி எவ்வளவு? எண்ணெய் எவ்வளவு? குளிக்கிற சோப்பு எவ்வளவு?" வியாபார நேரத்தில் இப்படி ஒருத்தி வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஊரில் அவளுக்கு ‘எவ்வளவக்கா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்திருக்கும்.

அவள் பார்த்தது அரசாங்க வேலைதான், ஆனால் அரைகுறை அரசாங்க வேலை. சம்பளம் கிடையாது, படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. எந்த வட்டாரத்தில் குடும்பம் நடத்த எவ்வளவு செலவாகிறது என்று டவுனில் ஒரு அலுவலகம் கணக்குப் போடுகிறது. அதற்கு நாற்பத்திரண்டு பொருள்களின் விலை வேண்டும். அரிசியிலிருந்து வீட்டு வாடகை வரைக்கும், முடிவெட்டும் கூலியிலிருந்து குழந்தைக் காய்ச்சல் மருந்து வரைக்கும். பதினோரு வருஷமாக அதை எழுதிக் கொடுத்தவள் இவள்.

எழுதுவதில் ஒரு பிசகு இருக்காது, அதைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை மளிகைக்காரர் எண்ணெய் விலையைக் கொஞ்சம் குறைத்து எழுதிக்கொள்ளச் சொன்னார். சோதனைக்கு ஆள் வந்துவிடுவார்களோ என்று அவருக்கு உதறல். இவள் அந்த இடத்திலேயே, நாலு பேர் முன்னால், "விக்கிறது ஒரு விலை, எழுதுறது ஒரு விலையா? வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அந்த மனிதர் இவளிடம் விலை சொல்லும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், கூரையைப் பார்த்துச் சொல்வார்.

படிவத்தில் ஒரு விதி இருந்தது. பொருள் கடையில் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் சின்னதாக ஒரு கோடு போட வேண்டும். கேள்விப்பட்ட விலையை எழுதக் கூடாது, டவுன் விலையை எழுதவே கூடாது. முதல் வருஷம் நாலு கோடு விழுந்தது. பிறகு செருப்புக்கடைக்காரர் கடையை மூடிக்கொண்டு போனார். மருந்துக்கடை போயிற்று. முடிவெட்டுகிறவர் மகனோடு போய்விட்டார். துணிக்கடையில் இப்போது ஆடு கட்டியிருக்கிறார்கள். எட்டுக் கடை இருந்த தெருவில் மூன்று மிஞ்சியது. கோடுகள் இருபத்திமூன்று ஆயின. அத்தனையையும் ஸ்கேல் வைத்து நேராகப் போட்டாள், மகராசி. அந்தக் கோடெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு நாளாவது கேட்டாளா? கேட்கவில்லை.

வீட்டிலும் அவளுக்கு நல்ல பெயர் இல்லை. புருஷன் லாரி ஓட்டியவர். சர்க்கரை முற்றி, இடது பாதத்தில் புண் வந்து, இரண்டு வருஷமாகக் கட்டிலோடு கிடக்கிறார். அடுத்த அறையில் அவருடைய தங்கை. ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸ்பத்திரி என்றால் ஏதோ பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, ஒரு வராந்தா, வாரத்துக்கு ஒரு நாள் வருகிற டாக்டர். அவர் வந்தாலும் வந்தார், வராவிட்டாலும் கேட்க நாதியில்லை. மற்ற ஆறு நாளும் அந்த நர்ஸ்தான் ஊருக்கு எல்லாம். காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் அண்ணன் காலைக் கழுவி மருந்து வைத்துக் கட்டிவிட்டுத்தான் காபித் தம்ளரைத் தொடுவாள். அவள் இல்லையென்றால் அந்தக் காலை எப்போதோ எடுத்திருப்பார்கள். டாக்டரே சொன்னது இது.

ஆனால் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். வெந்நீர் யார் தீர்த்தது என்பதில் ஆரம்பித்து, கதவை யார் ஓங்கிச் சாத்தியது என்பது வரைக்கும் சண்டை. "என் சம்பளத்துலதான் இந்த வீட்டுல உலை கொதிக்குது" என்பாள் நர்ஸ். "அப்போ உன் சம்பளத்தையே கொதிக்க வச்சுக் குடி" என்பாள் இவள். நடுவில் கட்டிலில் கிடக்கிறவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டில்தான் ஒரு மத்தியானம் நர்ஸ் வேலை நேரத்திலேயே திரும்பி வந்தாள். கையில் ஒரு சுற்றறிக்கை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணி, இத படி. சத்தமா படி, அண்ணனும் கேக்கட்டும்."

படித்தாள். வாழ்க்கைச் செலவு மிகவும் குறைந்த, குடியிருக்க உகந்த வட்டாரங்களின் பட்டியலில் அவர்கள் வட்டாரம் முதலிடம் பிடித்திருக்கிறதாம். ஆகையால் இங்கே பணிபுரியும் ஊழியர்களுக்குக் கொடுத்துவந்த ஒதுக்குப்புறப் படி அடுத்த மாதத்திலிருந்து நிறுத்தப்படுகிறதாம். நர்ஸின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் படிதான். இந்தக் காட்டில் வந்து கிடப்பதற்குக் கொடுத்த விலை அது.

"முதலிடமா? நம்ம ஊரா?" என்றார் கட்டிலில் இருந்தவர். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குடியிருக்க உகந்ததாமா? எவன்டா அவன்?"

"எவன் இல்ல, எவ. இதோ நிக்கிறாளே, உன் பொண்டாட்டி. கடைசிப் பக்கத்துல போட்டிருக்கான் பாரு, களக் கணக்கெடுப்புன்னு. பதினோரு வருஷமா வீடு வீடா, கடை கடையா ஏறி இறங்கி எழுதிக் கொடுத்தது இந்தப் புண்ணியவதிதான்."

"நான் இருக்கிறத எழுதினேன். பொய் எழுதச் சொல்றியா?"

"எனக்கு இனிமே இந்த ஊர்ல என்ன இருக்கு? படியும் கிடையாது, ஒரு நல்ல வார்த்தையும் கிடையாது. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கவா? டவுனுக்கு மாத்தல் எழுதிக் கொடுக்கப் போறேன்."

இவள் சட்டென்று கட்டில் பக்கம் திரும்பினாள். நாத்தனார் மேல் பாசம் பொங்கி வழிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அவள் பார்த்தது புருஷனுடைய காலை. இந்த நர்ஸ் போய்விட்டால் இன்னொருத்தி வர மாட்டாள். படி கொடுத்தபோதே வராதவர்கள் இனி எதற்கு வருவார்கள்? நர்ஸ் போனால் கால் போகும், காலோடு ஆளும் போவார். அது தெரிந்ததும் மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

டவுன் அலுவலகத்தில் சூப்பர்வைசர் இவளைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார். முகமெல்லாம் பூரிப்பு.

"வாங்கம்மா. உங்க படிவத்தத்தான் மத்தவங்களுக்கு மாதிரியா காட்டுவேன். அடித்தல் திருத்தல் ஒண்ணு இருக்காது."

"சார், எங்க ஊர் எப்படி சார் மலிவாச்சு? அரிசி உங்க டவுன விட எங்க ஊர்ல விலை ஜாஸ்தி. எண்ணெய் ஜாஸ்தி. நானே எழுதினேன்."

அவர் பொறுமையாக விளக்கினார். கோடு போட்ட பொருள்கள் கணக்கில் வராது. மிஞ்சியிருக்கிற பொருள்களை வைத்துச் சராசரி போடுவார்கள். மிஞ்சியதில் பெரிய பங்கு வீட்டு வாடகைக்கு. அது அந்த வட்டாரத்தில் அடிமட்டம். பிறகு விறகு, கீரை, முட்டை. எல்லாம் கொள்ளை மலிவு.

"வாடகை குறைவுன்னா, ஊரே காலியாக் கிடக்கு சார். குடிவர ஆளில்ல."

"காரணம் கேக்க படிவத்துல இடமில்லம்மா."

"குழந்தைக்குக் காய்ச்சல்னா மருந்து வாங்க இங்க வரணும். பஸ் காசு, ஒரு நாள் கூலி, சாப்பாடு. அந்த மருந்தோட விலை என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"நீங்க கோடு போட்டிருக்கீங்களேம்மா. இல்லாத பொருளுக்கு ஏது விலை?"

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, மேஜையை ஒரு தட்டுத் தட்டினாள். மையொற்றும் கட்டை துள்ளி விழுந்தது. "நீங்களே வந்து ஒரு நாள் இருந்து பாருங்க. பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்றாள். விதிப்படி வருஷத்துக்கு ஒருமுறை அவர் நேரில் சரிபார்க்க வேண்டும், பல வருஷமாக வரவில்லை. அதனால் மறுக்க முடியவில்லை. அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார்.

வந்தார். ஜீப்பில், வெள்ளைச் சட்டையில். மளிகைக்கடையில் ஆரம்பித்து, கடையும் வீடுமாக இருபது இடம் ஏறி இறங்கினார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஊரே வேடிக்கை பார்த்தது. மளிகைக்காரர் அன்றைக்கும் கூரையைப் பார்த்துத்தான் விலை சொன்னார். சொன்னதெல்லாம் படிவத்தில் இருந்ததோடு அப்படியே ஒத்துப்போயிற்று. மணி இரண்டு ஆனது. சூப்பர்வைசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இங்க சாப்பாடு எங்கம்மா கிடைக்கும்?"

"கோடு போட்டுக்குங்க சார்" என்றாள்.

கூட நின்ற ஜீப் டிரைவர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப்பக்கம் போய்விட்டார். சூப்பர்வைசருக்கு முகம் கறுத்தது. பசியும் அவமானமும் சேர்ந்தால் எந்த மனிதன்தான் நிதானமாக இருப்பான்? பையிலிருந்து சரிபார்ப்புத் தாளை எடுத்து நீட்டினார். ‘படிவத்தில் கண்ட விலைகள் அனைத்தும் உண்மை’ என்று ஒரே வரி. கீழே கையெழுத்துப் போட இடம்.

"போடுங்க. போட்டா உங்க வேலை இருக்கும். இல்லன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

"நான் எதுக்கு உங்கள வரச் சொன்னேன், நீங்க எதைக் கொண்டுவந்து நீட்டுறீங்க?"

"சரி, இதுல எந்த விலை பொய்? ஒண்ணு காட்டுங்க. அடிச்சிட்டுப் போறேன்."

அவள் படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். ஒரு விலையும் பொய் இல்லை. பொய்யாக இருக்கக் கூடாது என்றுதானே பதினோரு வருஷம் ஊர்ப் பகையைச் சம்பாதித்தாள்? அழுகை வந்தது, இந்த ஆள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"விலை எல்லாம் நிஜம். நீங்க போட்ட கணக்குதான் பொய். அதுக்கு என் கையெழுத்து கிடையாது" என்று தாளை அவர் கையிலேயே திணித்துவிட்டு நடந்தாள்.

அதனால் என்ன ஆகிவிட்டது? ஒன்றும் ஆகவில்லை. கணக்கெடுப்பாளர் ஒத்துழைக்கவில்லை என்று ஒரு வரி எழுதி அவரே கையெழுத்துப் போட்டுக்கொண்டார். வேலை போயிற்று. பட்டியலில் முதலிடம் முதலிடமாகவே நின்றது. நர்ஸுக்கு மூன்றே வாரத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. டவுனில் ஒரு விடுதியில் ஒரு கட்டில், அவ்வளவுதான் அவளுக்கு வாய்த்த இடம். அண்ணனைக் கூட்டிப்போக வழியில்லை.

போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணியைக் கூப்பிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தாள்.

"கைய சோப்புப் போட்டுக் கழுவு. முழங்கை வரைக்கும். அப்படி இல்ல, இன்னொரு தடவ."

கழுவினாள். பஞ்சை எடுத்துப் புண்ணின் ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தாள்.

"நடுவுலேருந்து வெளிய துடைக்கணும். வெளியேருந்து உள்ள இல்ல. ஐயோ, சொன்னா கேக்க மாட்டியா? ஸ்கேல் வச்சுக் கோடு போடத் தெரியுதில்ல, இது தெரியலையா?"

"ஆளக் கொன்னுடாதீங்கடி ரெண்டு பேரும்" என்று அலறினார் கட்டிலில் இருந்தவர்.

நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தானே நடத்தினாள். துடைத்தாயிற்று, மருந்து வைத்தாயிற்று, கட்டு சுற்றியாயிற்று. அப்புறமும் பிடியை விடவில்லை. "நான் போறது உன் மேல கோபத்துல இல்ல, அண்ணி" என்றாள். "கோபமும் இருக்கு. ஆனா அதுக்காகப் போகல. எனக்கு முடியல." இரண்டு பேரும் அழுதார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

காலை பஸ் போனது. அவள் வழியனுப்பிவிட்டு வந்து வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது மளிகைக்காரர் வந்து நின்றார். வலது கையில் துண்டு சுற்றியிருந்தது, துண்டு முழுக்க ரத்தம். எண்ணெய் டின் கிழித்துவிட்டதாம். அவருக்குப் பின்னால் காதில் சீழ் வடிகிற ஒரு பிள்ளையோடு ஒரு தாய். அதற்கும் பின்னால் கைத்தடியோடு ஒரு கிழவர்.

"ஆஸ்பத்திரி பூட்டியிருக்கு" என்றார் மளிகைக்காரர். இந்த முறை முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "உன்னாலதானே அவ போனா? நீயே கட்டு."

"நான் நர்ஸ் இல்ல. போங்க எல்லாரும்" என்று கத்தினாள். யாரும் நகரவில்லை. மளிகைக்காரர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார், ரத்தம் படிக்கட்டில் சொட்டியது.

அவள் விளக்குமாற்றைப் போட்டாள். உள்ளே போய் வெந்நீர் வைத்தாள். முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து அவர் கையைத் தன் மடிமேல் வைத்துத் துண்டை மெல்லப் பிரித்தாள். காயம் ஆழமாக இருந்தது.

"சரியா வந்துடுமா?" என்று கேட்டார், குரல் இறங்கிப்போய்.

"தெரியாது" என்றாள் அவள். "எனக்குப் புண்ணுக்குக் கட்டுப் போட மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்கா. இந்தக் கையில தையல் போடணும், அது எனக்கு வராது. அந்தப் பிள்ளை காதும் எனக்கு வராது."

"அப்போ நாங்க என்னதான் பண்றது?"

"அதுவும் தெரியாது" என்றாள். சொல்லிவிட்டு, காயத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க ஆரம்பித்தாள்.