சபாரத்தினத்துக்கு வராத நீலம்

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணியைக் கையில் எடுத்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து சபாரத்தினத்தின் மனைவி பரமேஸ்வரி பேசினார். என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார். "நானா, இவர் மத்தியானம் சாப்பிட்டிட்டுப் படுத்தவர். எழும்பேல்லை" என்றார். அழவில்லை. நான்தான் அக்குறணைக் கடையில், மகனுக்கும் வாடிக்கையாளருக்கும் முன்னால், வயதுக்குப் பொருந்தாத விதமாக அழுதேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் அவருடைய நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். அரசாங்கக் கந்தோரில் அவரோடு வேலை செய்தவர்கள் அவருடைய நேர்மையைப் பற்றி எழுதுவார்கள். கோயில் சபையார் பக்தியைப் பற்றி எழுதுவார்கள். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் எனக்குத் தெரிந்த சபாரத்தினம் ஒரு வாணப் பைத்தியம். இந்த மனிதர் வாணம் செய்தாரா என்று இளையவர்கள் கேட்கக்கூடும். செய்தார். விற்பதற்கல்ல, நிறம் பார்ப்பதற்கு.

எங்கள் பழக்கம் பீவீசீ குழாயில் தொடங்கியது. குழாயும் இரும்புச் சாமானும் விற்கும் என் கடை அப்போது புதியது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வந்து, குழாய் வேண்டாம், குழாய் அறுக்கும்போது விழும் தூள்தான் வேண்டும் என்றார். ஆளுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்தேன். எதற்கு என்று கேட்டேன். "அதுக்குள்ளை குளோரின் இருக்கு, நானா. குளோரின் சேர்ந்தாத்தான் நெருப்பிலை நிறம் அழுத்தமா வரும். இல்லாட்டி வெளிறிப்போகும்" என்றார். கூட்டி அள்ளிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு முற்றத்தில் நின்றேன். புதுக் கடையைக் கவனிக்காமல் வெடி கொளுத்தப் போகிறான் என்று எங்கள் வீட்டில் என்னை ஏசாத ஆள் இல்லை.

வாணம் என்றால் எனக்கு அதுவரை சத்தமும் வெளிச்சமும்தான். அவர் அப்படிப் பார்ப்பவரல்ல. கடையில் வாங்கிய வாணம் பளிச்சென்று வெடித்து எல்லோரும் ஆவென்று பார்க்கும்போது அவர் முகத்தைச் சுளிப்பார். "வெளிச்சம் வேறை, நிறம் வேறை. வெளிச்சம் கூடினா நிறம் செத்துப்போகும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. பள்ளிக்கூடத்துச் சுவாலைச் சோதனையிலிருந்து அவர் வெளியே வரவே இல்லை என்று நான் கேலி செய்வேன். ஸ்ரொன்சியத்தின் உப்புச் சிவப்பாக எரியும், பேரியத்தின் உப்புப் பச்சையாக எரியும் என்று எல்லோரும் படித்து, எழுதி, மறந்துவிட்டோம். அவர் மட்டும் அந்தச் சிவப்பை இன்னும் ஆழமாக்க முடியாதா என்று யோசித்துக்கொண்டே கலியாணமும் முடித்து, ஒரு மகளையும் பெற்றார்.

அவர் ஆசை முழுவதும் நீலத்தில் இருந்தது. நீலம்தான் பொல்லாத நிறம். செம்பின் உப்பிலிருந்து வர வேண்டும். நெருப்புச் சற்றுச் சூடு கூடினாலும் நீலம் உடைந்துபோகும், வெள்ளையாக வெளிறிவிடும். இவற்றையெல்லாம் விடப் பெரிய எதிரி சோடியம், அதாவது நாம் சோற்றில் போடும் கறியுப்பு. அது வாண மருந்தில் துளி கலந்துவிட்டாலும் மஞ்சள் எழும்பி மற்ற நிறங்களை மூடிவிடும். சிவப்போடு சேர்ந்தால் செம்மஞ்சளாகிப் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும். நீலம் தப்பாது.

எங்களுக்கு ஒவ்வொரு முறையும் மஞ்சள்தான் வந்தது. மஃரிப் தொழுது இருட்டிய பிறகு மகாவலிக் கரை மணலில் நின்று கொளுத்துவோம். மேலே போகும், விரியும், மஞ்சளாக எரிந்து ஆற்றுக்குள் விழும். "என்ன சபா, இதுவும் மஞ்சளாத்தானே ஈக்குது" என்பேன். மருந்து சலிக்கும் அரிதட்டை மாற்றினார், தண்ணீரை மாற்றினார், செம்பு உப்பைக் கழுவிக் கழுவிச் சுத்தம் செய்தார். கடைசியில் என்னில் வந்து நின்றார். "குறை நினையாதேங்கோ நானா, உங்கட கை வேர்வையோ எண்டு ஒரு சந்தேகம். வேர்வையிலையும் உப்பு இருக்கெல்லோ" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அன்றிலிருந்து கையுறை போட்டுக்கொண்டுதான் அவர் மேசைக்குக் கிட்டப் போனேன்.

ஒரு போயா தினம், பௌர்ணமி விடுமுறை, சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டேன். பின் விறாந்தையில் சபா உட்கார்ந்திருக்க, மருந்து உருண்டைகள் தட்டில் காய்ந்துகொண்டிருந்தன. பரமேஸ்வரி குசினிக்குள்ளிருந்து வந்தார். என்னைக் கண்டதும் சிரித்துவிட்டு, கைப்பிடி நிறைய உப்பையும் செத்தல் மிளகாயையும் எடுத்துப் புருசனின் தலையைச் சுற்றினார். பிறகு அந்தத் தட்டையும் சுற்றினார். கண்ணேறு படாதிருக்க நாவூறு கழிக்கிறார். கண்டியின் ஈரத்தில் உப்பு எப்போதும் கசிந்துதான் கிடக்கும். கையில் ஒட்டும், விரல் இடுக்கால் உதிரும். அதை அடுப்பில் போட்டுவிட்டு வந்து, அதே கையால் உருண்டைகளை ஒதுக்கி, மேலே துணியைப் போர்த்திவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நான் மாதக்கணக்காகக் கையுறைக்குள் வெந்துகொண்டிருந்தவன். ஆற்றுக்கு இறங்கும் வழியில் சபாவைப் பிடித்தேன்.

"சபா, உங்கட நீலத்தக் கெடுக்கிறது யாரு தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"கொஞ்ச நாளா. உங்களை வேர்வை எண்டு சொன்னதுக்கு மன்னிக்கோணும்."

"அப்ப தங்கச்சிக்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களே."

அவர் நின்றார். பரமேஸ்வரியின் தமையனைப் பற்றி அன்றுதான் சொன்னார். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வாணம் கட்டும்போது வெடித்து, அந்த மனிதருக்கு ஒரு கை போயிருக்கிறது. பரமேஸ்வரி அப்போது சிறு பிள்ளை, பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

"அப்பிடிப்பட்டவ என்னை இந்த வேலைக்கு விடுறா. அந்த உப்பை நம்பித்தான் விடுறா, நானா. அதைப் பிழையெண்டு நான் சொன்னா, பிறகு நான் நெருப்புக்குக் கிட்டப் போற நேரமெல்லாம் அவ செத்துப் பிழைக்கோணும். நீங்களும் சொல்லப்படாது."

"சரி, அக்குறணைக்கு வாங்க. எங்கட வீட்டுல வச்சுச் செய்வோம்."

"அவவுக்கு ஒளிச்சோ?" என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அதன் பின்னரும் நாங்கள் விடவில்லை. ஒவ்வொரு முறையும் உப்புச் சுற்றப்பட்டது, ஒவ்வொரு முறையும் மஞ்சள் வந்தது. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கடைசிப் பொறி அணையும்வரை பார்ப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். இந்த ஆள் ஒரு வார்த்தை பேசினால் முடியும் காரியத்துக்கு ஏன் இப்படித் தன் ஆசையைத் தானே ஆற்றில் விடுகிறார் என்று மனதுக்குள் ஏசுவேன்.

பிறகு சண்டை வந்து நாடு கெட்டது. ஒரு தமிழன் வீட்டில் வாண மருந்து இருந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு காலையில் நானும் அவருமாக இருந்ததையெல்லாம் தண்ணீரில் கரைத்துக் கொட்டினோம். பல வருடங்களுக்குப் பிறகு சண்டை ஓய்ந்தபோது அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. "இனி உந்தக் கதை வேண்டாம், நானா" என்றார். நல்ல நீலம் ஒன்றைக் காணாமலே அந்த மனிதர் போய்விட்டார்.

இறந்து எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவுக்கு அடுத்த நாள் பரமேஸ்வரியைப் பார்க்கப் போனேன். பழைய கதைகள் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டார்.

"நானா, நீலம் ஏன் வரேல்லை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

கொடுத்த வாக்கு இருக்கிறது. "செம்பு சரியில்ல, தங்கச்சி. அந்தக் காலத்துல நல்ல சாமான் எங்க கெடச்சது" என்றேன்.

"பொய் சொல்லாதேங்கோ" என்றார். "மகள் ஓஎல் படிக்கேக்கை அவளின்ர புத்தகத்திலை பாத்தனான். சோடியம், மஞ்சள் எண்டு போட்டிருந்தது. அண்டைக்கே விளங்கிட்டுது."

மகள் பத்தாம் வகுப்பு ஓஎல் பரீட்சைக்குப் படித்தது நாங்கள் மருந்தைக் கரைத்துக் கொட்டுவதற்கு முந்திய காலம்.

"உப்புச் சுத்துறதை நானாய் நிப்பாட்ட எனக்குப் பயம் விடேல்லை. ஆனா அவர் வாய் திறந்து ஒருக்கா, 'ஈஸ்வரி, இந்தமுறை உப்பு வேண்டாம்' எண்டு கேட்டிருந்தா விட்டிருப்பன். கேப்பார், கேப்பார் எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான். கேக்கவே இல்லை. அவருக்குத் தெரியாதாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

அவருக்குத் தெரியும் என்று அப்போதுதான் சொன்னேன். அந்த மரண வீட்டில் அத்தனை நாளும் அழாத பெண் அப்போது அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை மலரிலை எழுதுங்கோ. கந்தோர்க் கதையை மற்ற ஆக்கள் எழுதட்டும்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

சபாரத்தினத்தின் நினைவாக என்னிடம் பொருள் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் கரைத்துவிட்டோம். அவர் கேட்டு நான் கொடுத்த வாக்கு ஒன்று மட்டும் இருக்கிறது. அதை இத்தனை காலமும் ஒழுங்காகக் காப்பாற்றினேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. நான் வாக்குத் தவறியிருந்தால் அவர் நீலம் பார்த்திருப்பார்.