மைக்கை வாங்கப் போன நடை

எங்கள் மொன்றியல் பேஸ்போல் அணியை முன்பு நடத்திய மனேஜர் இறந்த செய்தி வந்ததும், டவுன்டவுன் உணவகமொன்றின் சமையலறையில் முன்பு ஒன்றாக வேலை செய்த நாங்கள் அஞ்சலிக் கூட்டம் வைக்க முடிவு செய்தோம். அவருக்கு எங்களைத் தெரியாது. அஞ்சலிக் கூட்டம் வைக்க நமக்கு அது என்றைக்குமே தடையாக இருந்ததில்லை.

அகதியாக வந்த புதிதில், அந்த அணியின் கூரை போட்ட மைதானத்துக்குள் நாங்கள் குளிருக்கு ஒதுங்கப் போனவர்கள். டிக்கெட் மலிவு, ஆசனங்கள் காலி. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஆட்டம் விளங்க நாளெடுத்தது. மனேஜரை உடனே விளங்கியது. பந்து எறிகிறவன் களைத்து, எதிரணி அவனை விளாசத் தொடங்கினால், மனேஜர் நடுவுக்குப் போய்ப் பந்தை வாங்கிக்கொண்டு அவனை வெளியே அனுப்ப வேண்டும். எங்கள் ஆள் ஆறுதலாக நடந்து போவார். தோளில் கை வைத்துக் காதுக்குள் ஏதோ சொல்வார். பிறகுதான் உள்ளங்கையை நீட்டுவார். எங்களோடு பாத்திரம் கழுவிய அண்ணை அதைப் பார்க்கவே வருவார். "மனுசன் கலியாணவீட்டுக்குச் சொல்லப் போறமாதிரியெல்லோ போறார்" என்பார்.

அணி ஊரை விட்டு வேறு நகரத்துக்குப் போய்க் கனகாலம். அண்ணையின் பற்று மட்டும் போகவில்லை. கூட்டத்தில் கட்டாயம் கதைக்க வேண்டும் என்று ஒரு கிழமையாக மெத்ரோ ரயிலில் முணுமுணுத்துப் பழகினார்.

அறிவித்தல் அச்சடித்தவர், முந்திய மரண அறிவித்தலில் பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றியிருந்தார். ஆகவே மனேஜர் பருத்தித்துறையைப் பிறப்பிடமாகவும் மொன்றியலை வதிவிடமாகவும் கொண்டவரானார். தேவாலயத்தின் கீழ்மண்டபம் நிறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

"எந்தப் பகுதி, தம்பி? தகப்பன்ர பேர் தெரியுமோ?" என்று பக்கத்திலிருந்த ஐயா கேட்டார். மாலை போட்ட படத்தைக் காட்டினேன். "நல்ல வெள்ளை. தாய்வழியாக்கும்" என்றார்.

குத்துவிளக்கு ஏற்றினோம், ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். அதற்குப் பிறகு ஒருவரும் மௌனமாக இருக்கவில்லை. பேச வந்தவர்கள் எல்லாரும் தங்களைப் பற்றியே பேசினார்கள். புறநகரான புரோசார்ட்டில் வீடு விற்கும் பிரமுகர், தான் விமானத்தால் இறங்கியதிலிருந்து தொடங்கினார். கூட்டத் தலைவர் முடிக்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார். பிரமுகர் அதை வாசித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சுருக்கமாகச் சொல்வதென்றால்" என்று மறுபடி விமானத்தில் ஏறினார்.

ஐந்து மணிக்கு மண்டபத்தைப் பூட்ட வேண்டும். வாசலில் ஊர்க்காரரான கெபெக் பிரெஞ்சுக் காவலாளி சாவியோடு வந்து நின்றார். பட்டம் பதவி இல்லாததால் அண்ணைதான் கடைசிப் பேச்சாளர்.

"என்னைக் கதைக்க விடமாட்டாங்கள் போல கிடக்கு" என்றார் அண்ணை.

"போய்ச் சொல்லுங்கோவன்" என்றேன்.

அண்ணை எழும்பினார். அவசரப்படவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி, மண்டபத்தின் நடுவால் ஆறுதலாக நடந்தார். அந்த நடை யாருடையதென்று முதலில் விளங்கியது காவலாளிக்குத்தான். அவர் தொப்பியைக் கழற்றினார். அண்ணை பிரமுகரின் தோளில் கை வைத்தார். காதுக்குள் சொன்னதை மைக் எல்லாருக்கும் சொன்னது.

"நல்லா எறிஞ்சனீங்கள், தம்பி. கை களைச்சுப்போச்சு. தாங்கோ."

உள்ளங்கையை நீட்டினார். பிரமுகர் மைக்கைக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போய் இருந்தார். எங்கள் சமையலறை ஆட்கள் எழுந்து கை தட்டினார்கள். கைதட்டல் தனக்கென்று நினைத்துப் பிரமுகரும் கும்பிட்டார்.

அண்ணைக்குப் பழகி வைத்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. "இந்த மனுசன் ஒருத்தரையும் கையைக் காட்டி வெளியில போ எண்டு சொல்லேல்ல" என்றார். "தானே நடந்து வந்து, தோளில கை வைச்சு அனுப்பினவர்." மைக்கைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு வந்து இருந்தார்.

எங்களை வெளியே போ என்று கை காட்டிய இடங்கள் எல்லாருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பக்கத்து ஐயா சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

"பருத்தித்துறை ஆக்கள் அப்பிடித்தான்" என்றார்.