அடுப்பில் சிவந்த மஞ்சள் மண்

நகரிக்குப் பக்கத்தில், ஏரிக்கு அடியில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. மற்ற நிலமெல்லாம் சிவப்பு. அது மட்டும் மஞ்சள். ஏரிக் கசிவில் வருஷம் முழுக்க ஈரம் காயாது. மிதித்தால் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். வேர்க்கடலைச் செடி தளதளவென்று வரும். பிடுங்கிப் பார்த்தால் காயெல்லாம் பொக்கு, உள்ளே பருப்பே இருக்காது. "மண்ணுக்குக் காமாலை புடிச்சிக்கிச்சி" என்பார் நைனா. நான் அதை நம்பி, அந்தப் பக்கம் போய்வந்த நாளெல்லாம் கண்ணாடியில் என் கண்களைப் பார்த்துக்கொள்வேன்.

செங்கல் சூளைக்காரர் ஒருவர் நிலத்தை விலைக்குக் கேட்டார். நைனா சம்மதித்துவிட்டார். அப்போதுதான் திருப்பதியில் விவசாயம் படித்துக்கொண்டிருந்த அத்தை, நைனாவின் தங்கை, லீவுக்கு வந்தாள். வந்தவள் ஒரு மஞ்சள் கட்டியை வெந்நீர் அடுப்பில் போட்டாள். வெளியே எடுத்தபோது அது நன்றாகச் சிவந்திருந்தது.

"செவப்பு மண்ணுல இருக்கற அதே இரும்புதாண்ணா இதுலயும் கீது. ஈரம் நின்னுக்கினே இருக்கறதால மஞ்சளாயிடுச்சி."

"செவந்தா செங்கல்லு ஆவும். கடலை காய்க்குமா?" என்றார் நைனா.

அத்தை அசரவில்லை. நீல நிறத் தாள் ஒன்றை ஈர மண்ணில் அழுத்தினாள்; அதுவும் சிவந்தது. "மண்ணு புளிச்சிக் கீது. சுண்ணாம்புச் சத்தைத் தண்ணி அடிச்சிக்கினு போயிடுச்சி, அதான் பொக்கு. ஒரு போகம் எங்கையில வுடுண்ணா."

அரை மனதோடு விட்டார். அத்தை சேலையைச் செருகிக்கொண்டு ஆட்களோடு சேர்ந்து வடிகால் வெட்டினாள், சுண்ணாம்புத் தூள் கலந்தாள். சூளைக்காரர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அறுவடையன்று நைனா முதல் செடியைப் பிடுங்கி, ஒரு காயைக் காதருகே ஆட்டினார். சத்தமே இல்லை. உடைத்தார், உள்ளே இரண்டு பருப்பும் முட்டிக்கொண்டிருந்தன. வரப்பில் நின்ற சூளைக்காரரிடம் ஒரு கை நிறையக் கடலையைக் கொடுத்து, "துன்னு பாருங்க. எங்க தங்கச்சி சொன்னா மண்ணு கேக்கும். நெலம் குடுக்கறதா இல்ல" என்றார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் இதைச் சொல்லாத ஆளில்லை.

அந்த நிலத்தை விற்கவிருந்தது அத்தையின் கல்யாணத்துக்காக என்பதும், மாப்பிள்ளை வீட்டார் படிப்பை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள் என்பதும் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அன்று நைனாவின் பேச்சைக் கேட்டதும் அத்தை வடிகால் பக்கம் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து வெகுநேரம் முகம் கழுவினாள். கண்ணில் மண் விழுந்துவிட்டதாக நினைத்து, ஊதிவிடச் சொல்லி அம்மாவைக் கூப்பிட ஓடினேன்.