செல்வநாதன் சார் விட்ட பாட்டு டெண்டர்

ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த மனிதரிடம் பாட்டுக் கேசட்டுகள் சிக்கினால் என்ன ஆகும்? எல்லாவற்றுக்கும் நம்பர் விழும்.

செல்வநாதன் சார் சுரங்க ஸ்டோர்ஸில் எனக்கு மேலதிகாரி. போன மே மாதம் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு பக்கத்து ஊரான வடக்குத்தில் சொந்த வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீடு என்னுடையது. என் நேரம்.

அவரிடம் ஒன்பதாயிரம் பாட்டுகள். அத்தனையும் கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு அவரே மாற்றியவை. கன்வேயர் உருளைக்கு நம்பர் போடுகிற மாதிரி ஒவ்வொரு பாட்டுக்கும் ஒன்பது இலக்க எண் கொடுத்திருந்தார். பாட்டின் பெயரும் இல்லை, பாடியவர் பெயரும் இல்லை. எந்த எண் எந்தப் பாட்டு என்பது ஆபீஸில் இருந்த ஒரு தடித்த ரெஜிஸ்டரில் மட்டுமே இருந்தது. ரிட்டயர் ஆன அன்று மற்ற ரெஜிஸ்டர்களோடு அதையும் கையெழுத்துப் போட்டு என்னிடம் ஒப்படைத்துவிட்டார். நானும் பழைய குப்பை என்று ஸ்க்ராப்பில் தள்ளிவிட்டேன். அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் மனைவி மரியபுஷ்பம் அக்கா கேட்டது ஒரே ஒரு பாட்டு. கல்யாணத்துக்கு முன்பு கோவில் பாடற்குழுவில் அவர் தனியாகப் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு. அன்று டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்தவர் சார்தான். மூன்று வருடத்துக்கு முன் தைராய்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து அக்காவின் குரல் கரகரத்துப் போய்விட்டது.

“என் கொரலு எப்டி இருந்துச்சின்னே மறந்துகினு வருது தம்பி” என்றார் ஒருநாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

அந்த மாதக் கடைசி ஞாயிறு அவர்களுக்கு முப்பதாவது திருமண நாள். அன்று அந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும். “மியூசிக் சர்வர் போட்டுட்டா போன்ல தட்டுனதும் ஹால்ல பாடும்” என்றார் சார். அதற்கான மென்பொருள்கள் மூன்று கிடைத்தன. மூன்றும் இலவசம். சும்மா இருப்பாரா மனிதர்? டெண்டர் கமிட்டி போட்டார். அவர் தலைவர், நான் உறுப்பினர், அக்கா ‘இன்ன சாமான் வேண்டும்’ என்று இண்டென்ட் கொடுத்த டிபார்ட்மென்ட்.

விலை பூஜ்யம் என்பதால் மூன்றுமே குறைந்த விலை. பேரம் பேச ஆளில்லாமல் சார் வாடிப்போனார். முதல் மென்பொருளான ஜெல்லிஃபின் சினிமாவும் காட்டும் என்றேன். “இண்டென்ட்ல சினிமா இல்லியே” என்று அதைப் பட்டியலிலிருந்து அடித்தார். லிரியான் அறைக்கு அறை வேறு பாட்டுப் போடும் என்றேன். “இருக்கறதே ஒரு ஹால்” என்றார். மூன்று வாரம் கழித்து மூன்றாவதான நேவிட்ரோம் ஜெயித்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஜெனிஷா குடும்பத்தோடு வந்தாள். சார் போனைத் திறந்தார். ஒன்பதாயிரம் பாட்டும் ‘பாடியவர் தெரியவில்லை’ என்ற ஒரே தலைப்பில் நம்பர் நம்பராக நின்றன.

“சுதாகர், அந்த ரெஜிஸ்டரு?”

“தேடிகினே இருக்கேன் சார்” என்றேன், கூசாமல்.

அக்கா எழுந்து போய், அரிசி டிரம்முக்குள்ளிருந்து ஒரு கேசட்டை எடுத்து வந்தார். சார் பதறினார். “கேசட்டெல்லாம் ஒதவாதுன்னு கண்டம் பண்ணி எடைக்குப் போடச் சொன்னனே! இது எப்டி இங்க?”

“நான் கையெழுத்துப் போடலியே” என்றார் அக்கா.

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக நான் ஓடிப்போய் என் பழைய டேப்ரிக்கார்டரைக் கொண்டுவந்தேன்; சாருடையது எப்போதோ எடைக்குப் போயிருந்தது. “வேணாம், டேப்பு சிக்கிக்கும்” என்று சார் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை.

பாட்டு தொடங்கியது. அப்படியொரு குரல். ஒரு இரைச்சல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் டேப்பில் சாரின் வாலிபக் குரல் குழைந்தது: “சரியா பதியலைங்க. இன்னொரு வாட்டி பாடுங்க.”

மறுபடி அதே பாட்டு, அதே தெளிவு. மறுபடி அந்தக் குரல்: “இப்பவும் பதியலைங்க.” மூன்றாவது தடவையும் பாட்டு அட்சரசுத்தமாகப் பதிந்திருந்தது. ஜெனிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“என் கொரலுதான் சரியில்லன்னு அன்னிக்கு வூட்டுக்குப் போயி அழுதேனேங்க” என்றார் அக்கா.

சார் சர்வரின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணைத் துடைத்தார். டேப்பை மறுபடி ஆரம்பத்துக்கு ஓட்டி சார் பக்கம் தள்ளினார்.

“எனக்குச் சரியா கேக்கலைங்க. இன்னொரு வாட்டி போடுங்க.”

சார் மூன்று வாட்டி போட்டார்.