அக்காவுக்கு எட்டாத சமையலறை

மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று நான் முடிவு செய்தபோது, அதற்குள் நின்று நான் ஒரு வேளைச் சோறுகூட வடித்ததில்லை. சமைத்ததெல்லாம் அக்காதான். மாமா இறந்த பிறகு அவள் என்னோடு வந்துவிட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் காபி, கிளம்பும்போது டப்பாவில் சாப்பாடு, திரும்பி வந்தால் சூடாக ஏதாவது ஒன்று. இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று யோசிக்காமலே பல வருஷங்கள் ஓடிவிட்டன.

எனக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில். தகடு வெட்டி வளைத்து மின்சாரப் பெட்டிகள் செய்யும் சின்னத் தொழிற்சாலை அது. நான் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பவள். பெட்டிகள் போக மிஞ்சும் தகட்டுத் துண்டுகள் மூலையில் மலையாகக் குவிந்து கிடக்கும். காயலான் கடை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். வெளியே ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் லாரிக்குக் குடங்கள் வரிசை நிற்கும். மழைக்காலத்தில் அதே தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். உலகத்தைத் திருத்த என்னால் முடியாது, ஒரு அறையையாவது ஒழுங்காகக் கட்டிக் காட்டுவோம் என்று தோன்றியது.

ஆவடியில் எனக்கு ஒரு தோழி. சூளை வைத்திருக்கிறாள், பீங்கானிலும் சுட்ட மண்ணிலும் ஓடுகள் செய்பவள். அவளும் நானும் மூன்று மாதம் பேசிப் பேசியே அந்தச் சமையலறையை உருவாக்கினோம். தொழிற்சாலைத் துண்டுத் தகடுகளில் இலை இலையாகத் துளை போட்டு அலமாரிகள். சுவருக்கு அவள் சூளையில் உடைந்த சட்டிகளை அரைத்துக் கலந்து சுட்ட மண் நிற ஓடுகள். மொட்டைமாடியில் சோலார் தகடு, கீழே இன்டக்‌ஷன் அடுப்பு. காஸ் இணைப்பைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சிங்க் தண்ணீர் மணலும் கூழாங்கல்லும் வழியாக வடிந்து பின்பக்கத்து வாழைக்குப் போகும். பெரிய ஃப்ரிட்ஜைக் கொடுத்துவிட்டுப் பாலுக்கும் தயிருக்கும் மட்டும் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் வைத்தோம். காய்கறிக்கு இரட்டைச் சுவர் வைத்த மண் பெட்டி. இடையில் ஈர மணல். கரண்ட் இல்லாமலே குளிரும்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்தேன். மேடைக்கு முன்னால் ஒரு பெண் உருவத்தையும் நிறுத்தினேன். அதற்கு என்ன உயரம் என்று கம்ப்யூட்டர் கேட்டது. என் உயரத்தைப் போட்டேன்.

அக்காவிடம் படத்தைக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"நல்லாகீதுடி. சினிமா செட்டாட்டம் கீது."

"உனக்கு இதுல ஏதாவது மாத்தணுமாக்கா?"

"நான் இன்னா சொல்லப்போறேன். நீ படிச்சவ, பாத்து செய்."

கேட்டேன் என்பது எனக்குத் திருப்தியாக இருந்தது. பதிலுக்காகக் காத்திருக்கவில்லை என்பது இப்போது தெரிகிறது.

வேலை முடிந்த பிறகு எங்கள் சமையலறை கொஞ்சம் பேர் வாங்கியது. தோழி படம் எடுத்து நெட்டில் போட்டாள். காட்டுப்பாக்கம் பக்கம் புதிதாக ஃப்ளாட் வாங்கியவர்கள், ஐ.டி. கம்பெனிக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க வந்தார்கள். நான் தகட்டைக் காட்டி, ஓடுகளைக் காட்டி, காய்கறிக் கழிவு போடும் உரத் தொட்டியைத் திறந்து கறுப்பு மண்ணை அள்ளிக் காட்டுவேன். "இவ்வளவு உரமா!" என்று ஆச்சரியப்படுவார்கள். எனக்குப் பெருமை தாங்காது. ஒருமுறை ஒரு பெண் அக்காவிடமே கேட்டாள்: "உங்களுக்கு வசதியா இருக்காம்மா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "இருக்கும்மா, நல்லா இருக்கு" என்றாள். வெளியாட்களிடம் அவள் 'கீது' சொல்ல மாட்டாள்.

அக்காவுக்கு ஒரு தொழில் இருந்தது. வளைகாப்பு, சீர், தீபாவளி என்றால் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் முறுக்கும் அதிரசமும் அவளிடம்தான் சொல்வார்கள். புதுச் சமையலறை வந்து கொஞ்ச நாளில், "இனிமே ஆர்டர் வேணாம்டி, உடம்பு முடியல" என்றாள். நல்லதாகப் போயிற்று, ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் பக்கத்து வீட்டம்மா போன் செய்தாள்.

"அக்கா உயுந்துட்டாங்கமா. கை ஒரு மாதிரி தொங்குது. நீ சீக்கிரம் வா."

ஆட்டோ பிடித்து ஓடினேன். அக்கா சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு வீங்கிப் புடைத்திருந்தது. பக்கத்தில் குளியலறையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. அதை எதற்குச் சமையலறைக்கு எடுத்து வந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. மேலே எதையோ எடுக்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

"ஏங்க்கா ஏறுன? நான் வந்து எடுத்துத் தர மாட்டேனா?"

பக்கத்து வீட்டம்மாதான் சொன்னாள்: "எடுக்கறதுக்கு இல்லமா. அவங்க தெனம் அது மேல நின்னுகினுதான் சமைக்கிறாங்க. மேடை எட்டல இல்ல."

அக்கா, "சும்மா இரு" என்று அவளை அதட்டினாள். வலியில் முகம் சுருங்கியிருந்தும் குரல் கடுமையாகவே வந்தது.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டுத் திரும்பி வந்தோம். நான் லீவு போட்டேன். பிறகு பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. முதல்முறையாக அந்த மேடை முன்னால் நின்று சமைத்தேன். எனக்கு அது கச்சிதமாக இருந்தது. முதுகு வளையவில்லை, தோள் தூக்கவில்லை, கை இயல்பாகப் படிந்தது. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி. வெங்காயம் நறுக்கும்போது கண்ணீர் வந்ததை அக்கா வெங்காயத்தால் என்றே நினைத்திருப்பாள்.

மற்றவை ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மண் பெட்டிக்குள் வைத்த கத்தரிக்காய் மறுநாளே வழவழத்தது, கொத்தமல்லி அழுகியது. சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம். அதில் அந்தப் பெட்டி குளிரவில்லை, வியர்த்தது. அழுகியதையெல்லாம் அக்கா எனக்குத் தெரியாமல் உரத் தொட்டியில் போட்டுவிட்டு, மறுபடி கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விருந்தினர்களுக்கு நான் அள்ளிக் காட்டிய கறுப்பு மண் அதுதான்.

முறுக்கு விஷயம் பக்கத்து வீட்டம்மா மூலம்தான் வந்தது. அக்காவின் பெரிய இரும்புச் சட்டிக்கு அடி உருண்டை. இன்டக்‌ஷனில் அது ஆடும், சூடேறாது. தட்டை அடிச் சட்டியில் சுட்டுப் பார்த்திருக்கிறாள்; முறுக்கு எண்ணெய் குடித்து நமத்துப் போயிருக்கிறது. ஆர்டர் கொடுத்த ஒரு வீட்டில், "என்ன அக்கா, கை மாறிடுச்சா?" என்று கேட்டுவிட்டார்கள். அன்றோடு நிறுத்திவிட்டாள்.

இதைக் கேட்ட சாயங்காலம் அக்காவின் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? நீ ஆசை ஆசையா வரைஞ்சிகினு கிடந்த. நாலு பேரு வந்து பாத்துகினு போறாங்க. நான் போயி எட்டல, வேகலன்னு சொன்னா உனுக்கு எப்டி இருக்கும்?"

"அதுக்காக ஸ்டூல் மேல நிப்பியா?"

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அத்தனை மாதக் கோபம்.

"பின்ன எங்க நிக்க சொல்ற? இது உன் ஊடு, உன் கிச்சனு. வர்றவங்க கிட்ட எல்லாம் 'நான் செஞ்சேன், நான் செஞ்சேன்'ங்கிற. ஒரு நாளாவது 'இதுல எங்க அக்கா சமைக்குது'ன்னு சொன்னியா? முறுக்கு சுட்ட வரைக்கும் என் கையிலயும் ஏதோ நாலு காசு இருந்துச்சி. இப்ப ஒரு ப்ளவுஸ் தைக்கணும்னாலும் உன்னத்தான் கேக்கணும்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கேட்டால் அவள் உடனே "வுடு வுடு" என்று சொல்லி எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிப்பாள். அந்த வேலையையும் அவள் தலையில் கட்ட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு தோழியை ஆவடியிலிருந்து வரச் சொன்னேன். இந்த முறை கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. அக்காவைச் சமையலறையில் நிற்கவைத்து, அவள் முழங்கை மட்டத்துக்குச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டோம். மேடையின் கடப்பாக் கல் இரும்புக் கால்களின் மேல் இருந்ததால் இடிக்க வேண்டியிருக்கவில்லை. கால்களைக் கழற்றித் தொழிற்சாலைக்கு எடுத்துப் போய் வெட்டிக் கொண்டு வந்தேன். மண் பெட்டி வெங்காயம், உருளைக்கிழங்கு வைக்கும் இடமாயிற்று. ஈர மணலைக் கொட்டிவிட்டோம்.

"வேற இன்னாக்கா மாத்தணும்?" என்று தோழி அக்காவின் பேச்சிலேயே கேட்டாள்.

அக்கா சுவரைக் காட்டினாள். "தப்பா நெனச்சிக்காதமா. இந்த மண்ணு கலர் எனுக்கு புடிக்கவே இல்ல. சின்ன வயசுல குடிசையில பாத்த கலரு. கிளிப்பச்ச இருந்தா நல்லாருக்கும்."

தோழி என்னைப் பார்த்தாள். அந்த மண் நிறத்தைப் பற்றித்தான் நாங்கள் இருவரும் மணிக்கணக்காகப் பேசியிருந்தோம். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அடுப்புக்கு மேலே மட்டும் பழைய ஓடுகளைப் பெயர்த்து, அவற்றின் மேலேயே பச்சைப் பூச்சுப் பூசி மறுபடி சுட்டுக் கொடுத்தாள். சிலது பிளந்துவிட்டன. மீதியை அக்காவே எங்கே எது என்று சொல்லிச் சொல்லிப் பதிக்க வைத்தாள். சமையலறை இப்போது கண்ணைப் பறிக்கிறது. படம் எடுத்துப் போட்டால் பழைய அளவுக்கு யாரும் பாராட்ட மாட்டார்கள்.

காஸ் அடுப்பு திரும்ப வந்தது, எண்ணெய்ச் சட்டிக்காக மட்டும். இன்டக்‌ஷனை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "எதுக்கு? பாலு பொங்காம காய்ச்சுது, அது இருக்கட்டும்" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றையும் கேட்டாள். பாத்திரம் கழுவும் மெஷின்.

என் வாய் பழக்கத்தில், "அது கரண்ட் நிறைய இழுக்குமேக்கா" என்றது.

அவள் வலது கையை மடியில் வைத்து, இடது கையால் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அந்த வாரமே மெஷின் வாங்கினோம். வெயில் இருக்கும்போது மதியத்தில் ஓட்டுகிறாள். அப்படி ஓட்டினால் சோலாரிலேயே ஓடிவிடும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் ஓட்டும் நேரத்தைத் தீர்மானிப்பது அவள்.

மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முறுக்கு அச்சை அழுத்த அவளால் முடியவில்லை. நெம்புகோல் வைத்து ஒரு அச்சு செய்து தருகிறேன் என்று ஆரம்பித்தேன். தகட்டில் ஒன்று வெட்டியும் கொண்டு வந்தேன். அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனமா கீதுடி" என்று வைத்துவிட்டாள். இரண்டாவதையும் வேண்டாம் என்றாள். அதற்குள் அவளே வழி கண்டுபிடித்திருந்தாள். இப்போது பக்கத்து வீட்டம்மா வந்து பிழிகிறாள், அக்கா சுடுகிறாள். வருவதை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆர்டர் பழைய அளவுக்கு இல்லை. ஆனாலும் வருகிறது.

போன ஞாயிறு இரண்டு பேரும் வேலையாக இருந்தார்கள். ஏதோ கல்யாண வீட்டுக் கதை. அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறை வாசலில் போய் நின்று, "நான் ஏதாவது பண்ணட்டா?" என்று கேட்டேன்.

"நீ போயி குந்து. நாங்க பாத்துக்கிறோம்" என்றாள் அக்கா.

அவள் சட்டியை இறக்குவதற்கு இடது கையை முன்னால் கொடுத்தாள். வலது கை வெறும் துணைக்குத்தான் வந்தது. பக்கத்து வீட்டம்மா கேட்காமலே மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். எங்கே பிடிக்க வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்பது அவளுக்குப் பழகியிருந்தது. நான் ஹாலுக்குப் போய் உட்கார்ந்தேன்.