பெரிதாக வரையப்பட்ட ஆள்

மெல்பேர்னில் அப்போது எனக்கு இரண்டு வேலை. விடியற்காலையில் ஒரு நூலகத்தில் துப்புரவு. பத்து மணியிலிருந்து ஆஸ்பத்திரி விரிப்புகள் வெளுக்கும் தொழிற்சாலை. எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றவனில்லை நான். இங்கேயும் கால் அரிக்கத் தொடங்கியிருந்தது.

அந்தக் கோடையில் விரிப்புகளைச் சூட்டில் இஸ்திரி போட்டு மினுக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். மின்விசிறி கேட்டுக் கடிதம் எழுதி, சாப்பாட்டு அறை மேசையில் வைத்தோம். மூன்று நாள் ஒரு கையெழுத்தும் இல்லாமல் கிடந்தது. பாதிப் பேர் தற்காலிக விசா, நானும்தான். முதல் கையெழுத்தை வைக்க யாருக்கும் மனமில்லை.

நூலகத்தில் அந்தக் கிழமை முழுக்க விக்டோரியா ராணி காலத்துக் கேலிச்சித்திரங்களைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். இங்கிலாந்துத் தொழிலாளர்கள் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனதைப் பற்றியவை. ஒன்றில், கிழிந்த சட்டைக்காரன் ஒருவன் வீடுகளைவிட உயரமாக நின்றான். தோளில் சுருட்டிய மனு. காலடியில் எலி அளவில் கனவான்கள். கீழே பொடி எழுத்தில் ஆங்கிலம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அது பிடிபடவில்லை, தேவையென்றும் தோன்றவில்லை. சினிமா கட்அவுட்டிலும் தேர்தல் சுவரொட்டியிலும் பெரிதாக நிற்பவன்தானே தலைவன்? போனில் படம் பிடித்து, அச்செடுத்து, கடிதத்துக்கு மேலே சுவரில் ஒட்டினேன்.

சூப்பர்வைசர் வந்து பார்த்தான். சிரித்தான். நல்ல படம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்குப் பெருமை.

கூட வேலை செய்த மலேசிய அக்கா கண்ணாடி போட்டு வாசித்தார்.

"இத யாரு தம்பி ஒட்டினது?"

"நான்தான் அக்கா. வடிவாயிருக்கெல்லே?"

"ரொம்ப அழகு. கூண்ட விட்டுத் தப்பிச்ச மிருகம்னு எழுதியிருக்கான். மூஞ்சியப் பாரு, குரங்குக்குத் தொப்பி வச்ச மாதிரி."

பார்த்தேன். தாடை முன்னுக்கு நீண்டிருந்தது. நெற்றியே இல்லை. நூலகத்தில் மூன்று விடியல் அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்தவன் நான்.

கிழிக்கக் கை நீட்டினேன்.

"விடு. வாக்குரிமை கேட்டதுக்கே இந்த மூஞ்சி. காத்தாடி கேட்டா நம்மள என்னன்னு வரைவானோ."

மினுக்கும் மெஷினில் நிற்கும் யாழ்ப்பாணத்து அண்ணை தேத்தண்ணியை ஊதியபடி சொன்னார். "படத்தை ஒட்டினது நீ. முதல் கையெழுத்தும் நீதான் வைக்கோணும்."

விசா ஞாபகம் வந்தது. பிறகு சூப்பர்வைசரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. பேனையை எடுத்து என் பெயரைப் பெரிதாக எழுதினேன்.

"இவ்வளவு இடத்த நீயே எடுத்துக்கிட்டா நாங்க எங்க போடுறது?" என்றபடி அக்கா கீழே எழுதினார். அதற்குப் பின் அண்ணை. பின்னேரத்துக்குள் தாள் நிறைந்துவிட்டது.

இரண்டு மின்விசிறி வந்தன. அடுத்த மாதம் என் ஷிப்ட் குறைந்து குறைந்து இல்லாமல் போனது. யாரும் காரணம் சொல்லவில்லை. பையைக் கட்டி சிட்னிக்கு ரயில் ஏறினேன்.

இப்போது அங்கே ஹரிஸ் பார்க் பகுதியில் ஒரு இனிப்புக்கடையின் பின்பக்கம் தட்டுக் கழுவுகிறேன். அங்கேயும் வெக்கை. நேற்று முதலாளியிடம் மின்விசிறி கேட்டேன். இந்த முறை படம் எதுவும் ஒட்டவில்லை.